ரோஸ் பொட்டு வைத்த லைட்டு

வடமதுரை ரோட்டில், வண்டிகளுக்கு எஃப்.சி. காட்டும் கள்ளிப்பொட்டல் மைதானத்துக்கு எதிரே சௌகத் அலியின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு ஜோடி பின்விளக்கு உண்டு. விற்பனைக்கு இல்லை. மூன்று வருஷத்தில் லாரி, டிரைலர், தண்ணி வண்டி, பள்ளிக்கூட வேன் என்று அந்த ஜோடி ஏறி இறங்காத வண்டி அந்த வட்டாரத்தில் குறைவு. எந்த வண்டியில் ஏறினாலும் பாஸ். ஃபெயில் என்ற சொல்லே அதன் ஜாதகத்தில் கிடையாது.

விஷயம் இதுதான். வாடகைக்கு ஓடும் வண்டிகளை உரிய காலத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அவரை இந்தப் பக்கம் எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். பிரேக் பிடிக்கிறதா, லைட்டு எரிகிறதா, லைட்டின் கண்ணாடியில் அங்கீகார எண் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். நம் ஆட்கள் வண்டிகளில் பாதிக்குப் பின்னால் லைட்டே இருக்காது. கேட்டால், செங்கல் ஏற்றும்போது உடைந்துவிடுகிறது என்பார்கள், எவனோ கழற்றிக்கொண்டு போய்விடுகிறான் என்பார்கள். புது லைட்டு வாங்கி மாட்ட மனசு வராது. அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் சௌகத் அலியின் 'டெஸ்ட் செட்டு'. வண்டி வந்து நிற்கும். செட்டை மாட்டுவார்கள். வண்டி ரோட்டைத் தாண்டி மைதானத்துக்குப் போய் பாஸாகித் திரும்பி வரும். செட்டைக் கழற்றுவார்கள். அடுத்த வண்டிக்கு மாட்டுவார்கள்.

மாட்டுவதும் கழற்றுவதும் பிரிஸ்கில்லாவின் வேலை. ஆறு வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாளென்றால் ஒரு ஜோடி லைட்டைக் கழற்ற அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். வண்டிக்குப் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி தன் போனில் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். அவள் போனைத் திறந்தால் மூன்று வருஷத்து வண்டிகளின் முதுகுதான் இருக்கும். சொந்தக்காரர் போட்டோ தேடினால்தான் கிடைக்காது.

அந்த ஜோடியில் இடது பக்க லைட்டுக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கண்ணாடி உண்டு. நம்பர் பிளேட்டுக்கு அது வழியாகத்தான் வெளிச்சம் விழும். ஒருநாள் அவசரத்தில் பக்கம் மாற்றி மாட்டிவிட்டு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் பேச்சு வாங்கினாள். மறுநாள் வீட்டிலிருந்து நகப்பூச்சு கொண்டுவந்து, இடது லைட்டின் கறுப்பு விளிம்பில் ரோஸ் கலரில் ஒரு பொட்டு வைத்தாள். கிரீஸ் படிகிற விரலுக்கு வைத்து என்ன பிரயோசனம், லைட்டுக்காவது இருக்கட்டும் என்று சௌகத் அலியிடம் சொல்லிச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அந்த லைட்டு வந்த அட்டைப் பெட்டியும் கடையிலேயேதான் கிடந்தது. சூடு வைத்து, தண்ணீர் பீய்ச்சி, தூசியில் போட்டு, மணிக்கணக்கில் ஆட்டிக் குலுக்கி, எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்று அளந்து அங்கீகாரம் கொடுத்த கதை அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. எங்கேயோ ஒரு சோதனைக்கூடத்தில் யாரோ படித்த பிள்ளைகள் இருட்டறையில் உட்கார்ந்து இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். எதற்கு? எங்கள் ஊர் டிரைலரில் அரை மணி நேரம் தொங்குவதற்கு.

இதெல்லாம் பிரிஸ்கில்லாவுக்கு அந்த வியாழக்கிழமை வரை ஒரு வேலையாகத்தான் தெரிந்தது. தப்பாகத் தெரியவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் புருஷன் ஆனந்த்ராஜ் வத்தலக்குண்டில் மினிபஸ் டூட்டியை முடித்துவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வழியில் டயர் வெடித்த செங்கல் டிரைலர் ஒன்று தார் ரோட்டின் மேலேயே நின்றது. லைட்டு இல்லை. ஒரு மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போடும் மரியாதைகூட இல்லை. எதிரே வந்த காரின் வெளிச்சம் கண்ணில் அடித்து விலகியபோது டிரைலரின் பலகை மூக்குக்கு முன்னால் இருந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன். அவன் பேரில் அதுவரை ஒரு கோழிக்குஞ்சு அடிபட்ட புகார்கூட இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பிரிஸ்கில்லா பெரியாஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. சௌகத் அலி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்லிக்ஸும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனந்த்ராஜின் தலைமாட்டில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன், நமக்காக இம்புட்டு வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பைக்கை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் நின்ற டிரைலரைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஏட்டு ராயப்பராஜ் ஒரு தாளை நீட்டினார்.

"இந்தாம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வண்டியை எடுத்துக்க. கேஸு தனியா நடக்கும்."

"என்ன கேஸு சார்? டிரைலர்க்காரர் மேலதான?"

ஏட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பார்வையில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. ஃபைலைத் திருப்பிப் படித்தார். ஆனந்த்ராஜ் என்பவர் இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று, சாலையோரம் விளக்கு எரிய நிறுத்தப்பட்டிருந்த டிரைலரின் பின்னால் மோதி, தனக்குத்தானே காயம் ஏற்படுத்திக்கொண்டார்.

"தனக்குத்தானேன்னா? வேணும்னே காலை ஒடிச்சுக்கிட்டாரா?"

"எழுதுற முறை அப்பிடிம்மா. புகார் குடுத்தது டிரைலர் ஓனர், வடமதுரை அன்புமணி."

"டிரைலர்ல லைட்டு எரியலன்னு இவரு சொல்றாரு சார். மூணு நாளா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"அடிபட்டவரு அப்பிடித்தான் சொல்லுவாரு. பிரேக் இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்க வந்து டிரைலரைப் பாத்து எழுதிக் குடுத்துட்டாரே."

அந்த அறிக்கையையும் காட்டினார். பின்புற விளக்குகள் அங்கீகரிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தவை. இரண்டும் நல்ல நிலையில் எரிகின்றன. வாகனத்தின் குறைபாடு விபத்துக்குக் காரணமல்ல. கீழே கையெழுத்து, முத்திரை. அதன் பின்னால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டிரைலரின் கலர் போட்டோ ஒன்றைப் பின் அடித்திருந்தார்கள்.

பிரிஸ்கில்லாவின் கண் முதலில் போனது உடைந்த பலகைக்கு. அவள் புருஷனின் பைக் இடித்த இடது மூலை. பலகை பிளந்து நாராகக் கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இடது லைட்டு ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. இது எப்படி என்று நினைத்துக்கொண்டே போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். லைட்டின் கறுப்பு விளிம்பில் ரோஸ் கலரில் ஒரு பொட்டு.

பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏட்டு தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அந்தப் போட்டோவை மட்டும் தன் போனில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பைக்கை எடுக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

வேப்பமரத்தடியில் நின்று போனைத் தள்ளிக்கொண்டே போனாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதே பொட்டு ஒரு தண்ணி லாரியின் முதுகில் இருந்தது. அன்றைக்கு அவளே மாட்டி அவளே கழற்றியது. இன்னும் பின்னால் போனாள். நாலு மாசத்துக்கு முந்தைய ஒரு போட்டோவில் விரல் நின்றது. அன்புமணியின் அதே டிரைலர், அதே நம்பர், அதே பொட்டு. பாஸாகி வந்ததும் "கழட்டிரவாண்ணே?" என்று இவள் கேட்டதும், "கழட்டு தாயி, சீக்கிரம் போகணும்" என்று அந்த ஆள் சொன்னதும் வார்த்தை மாறாமல் காதில் கேட்டது. இரண்டே நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்தாள். அந்த இரண்டு நிமிஷ வேலைதான் நாலு மாசம் ரோட்டில் சுற்றிவிட்டு வியாழக்கிழமை அவள் புருஷன் காலில் வந்து விழுந்திருக்கிறது. அவளுக்கு முதலில் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் மற்றவர்கள் மேல் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது.

நேரே கடைக்குப் போனாள். சௌகத் அலி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை செட்டு எங்க போச்சு பாய்?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "உக்காரு தங்கச்சி."

"எங்க போச்சுன்னு கேட்டேன்."

"காலையில அன்புமணி வந்தான். டிரைலரு ஸ்டேஷன்ல நிக்குது, பிரேக் இன்ஸ்பெக்டர் வாறதுக்குள்ள மாட்டணும்னான். குடுத்துட்டேன். ஆண்டவன் சத்தியமா அப்ப யாரு அடிபட்டதுன்னு எனக்குத் தெரியாது. மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"மத்தியானம் தெரிஞ்சுது. சாயங்காலம் ஹார்லிக்ஸ் கொண்டாந்தீங்க."

அவர் கல்லாவின் இழுப்பறையை இழுத்து மூடினார்.

"தலைமாட்டுல உக்காந்து அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்களே பாய். லைட்டு எரியல, லைட்டு எரியலன்னு பெனாத்திக்கிட்டே கிடந்தாரு. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"என்ன செய்யச் சொல்ற? வெளிய சொன்னா கடையை மூடிருவாங்க. நாம மட்டுமா செய்றோம்? இந்தப் பொட்டல்ல நாலு கடை, நாலு செட்டு. ஒனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. குடுத்தது என் கை. ஆனா நாலு மாசத்துக்கு முன்னாடி கழட்டுனது ஒன் கை. நீ வாயைத் தொறந்தா ஒன்னையும் சேத்துத்தான் பிடிப்பாங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவளுக்குப் பற்றி எரிந்தது. பயமுறுத்துகிறவன் பொய் சொல்லிப் பயமுறுத்தினால் திட்டிவிட்டு வரலாம், நிஜத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவனை என்ன செய்வது? கடையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

ஆனந்த்ராஜ் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். அன்று காலையில் மினிபஸ் ஓனர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கேஸு இருக்கிற டிரைவரை வண்டியில் ஏற்ற முடியாது, கேஸிலிருந்து பேரை எடுத்துவிட்டு வா, இடம் காத்திருக்கும் என்று சொல்லியிருந்தார். இந்தக் கேஸில் குற்றவாளி என்று தீர்ப்பானால் லைசென்ஸும் போகும். கால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸு போனால் சேர்ந்த காலை வைத்துக்கொண்டு எங்கே போவது? வண்டியைத் தவிர வேறு வேலை தெரியாதவன்.

பிரிஸ்கில்லா எல்லாவற்றையும் சொன்னாள். கழற்றியது நான்தான் என்பதையும் சொன்னாள். அவன் மேலே ஓடாத காற்றாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போன வருஷம் மினிபஸ்ஸை நான் கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா பிரிசி? ஒரு பக்க லைட்டு ஒடஞ்சு கிடந்துச்சு."

"ம்."

"நீதான் மாட்டி விட்ட."

"ம்."

"பாஸாகி வந்ததும் கழட்டிக் குடுத்துட்டு, பாயோட சேந்து மூணு பேரும் டீ குடிச்சோம். இன்ஸ்பெக்டரு ஏமாந்துட்டாருன்னு நான் சொல்லி நாம சிரிச்சோம்."

"அவரு ஏமாறலங்க. மூணு வருஷமா ஒரே பொட்டைப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு எப்பிடி ஏமாறுவாரு?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒன் பேரைச் சொல்லாம எழுதிக் குடுக்க முடியாதா?"

"கழட்டுனவ பேரு இல்லாம கழட்டுன கதையை யாருங்க நம்புவா?"

இரண்டு பேரும் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டியது முடிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மைதானத்தில் செவ்வாயும் வியாழனும் எஃப்.சி. நாள். மறுநாள் செவ்வாய். பதினோரு மணிக்கு அவள் போனபோது வரிசையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. முதலில் நின்றது மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிரேக் மிதி. இண்டிகேட்டரு போடு. நம்பர் பிளேட் லைட்டு. சரி."

வேனின் இடது லைட்டில் ரோஸ் பொட்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அவள் இல்லாததால் சௌகத் அலியே மாட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அத்தனை பேச்சுக் கேட்டபிறகும் செவ்வாய்க்கிழமை காலையில் அவரால் மாட்ட முடிந்திருக்கிறது. அதுவும் குழந்தைகள் ஏறுகிற வண்டிக்கு. பிரிஸ்கில்லா வரிசையைத் தாண்டி வேனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு நிமிசம்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "அடடே, வாம்மா. கேள்விப்பட்டேன். வீட்டுக்காரருக்கு எப்பிடி இருக்கு?"

அந்தக் கேள்வியை அவர் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டதுதான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது.

"அவரு மோதுன டிரைலரைப் பாத்து எழுதுனது நீங்கதான சார்?"

"ஆமா. வெள்ளிக்கிழமை."

"அதுல இருந்த லைட்டுதான் சார் இது." வேனின் பின்னால் விரலைக் காட்டினாள்.

"லைட்டுன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். கம்பெனிக்காரன் லட்சக்கணக்குல செய்றான்."

"ரோஸ் பொட்டும் கம்பெனிக்காரனா சார் வைக்கிறான்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வியாழக்கிழமை தண்ணி லாரி. வெள்ளிக்கிழமை டிரைலர். எதிரில் செவ்வாய்க்கிழமை வேன். அதற்கும் முன்னால் மூன்று வருஷத்து வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். பொட்டு, பொட்டு, பொட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் இவர் கையெழுத்து.

அவர் நாலைந்து படம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திருட்டு முழி முழித்திருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தா பாரும்மா. என் முன்னாடி வண்டி நிக்கிறப்ப லைட்டு இருக்கா, அப்ரூவல் நம்பர் இருக்கா, எரியுதா, இதைப் பாக்குறதுதான் என் வேலை. லைட்டு யாரோடது, நேத்து எங்க இருந்துச்சு, நாளைக்கு எங்க போகும்னு பாக்கச் சொல்லி எனக்கு எந்த ரூல்லயும் இல்ல."

பிரிஸ்கில்லா இடுப்பில் செருகியிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை உருவினாள். வேனின் பின்னால் குந்தினாள். ஒரு நட்டு, இரண்டு நட்டு, ஒயரைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம் போய் அதே வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. லைட்டு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் துருப்பிடித்த ஓட்டைகள் இருந்தன.

"இப்ப சொல்லுங்க சார்."

"இப்ப ஃபெயில். லைட்டு இல்லையே."

"இதையே அரை மணி கழிச்சு நான் எங்க கடை வாசல்ல வச்சுக் கழட்டியிருந்தா?"

இன்ஸ்பெக்டர் யோசிக்கக்கூட இல்லை. "அப்ப பாஸ்தான்."

அவர் அதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வது போலச் சொன்னார். நாற்பது பேர் கூடியிருந்த மைதானத்தில் ஒருத்தருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பிரிஸ்கில்லாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருத்தன் அயோக்கியன் என்றால் அவனைப் பிடித்து உலுக்கலாம். ஊரே கூடி அயோக்கியத்தனத்தை ஒரு முறையாக்கி, அதற்கு நேரம் காலம் வைத்து, வரிசையில் நின்று, முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டு போகிறது. அந்த வரிசையின் நடுவில் ஆறு வருஷம் ஸ்பேனரோடு நின்றவள் அவள். யாரைப் போய் உலுக்குவது?

வேன் டிரைவர் முன்னால் வந்தான். "ஏக்கா, நாளைக்கு ஸ்கூலுக்கு வண்டி போகணும். ஒங்க சண்டையை அப்பறம் வச்சுக்கங்க. மாட்டி விடுங்க."

"இந்த வேன்ல லைட்டு இல்லன்னு ஒனக்கு முன்னாடியே தெரியும்ல?"

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"சாயங்காலம் பிள்ளைகள எறக்கிவிட நடுரோட்டுல நிறுத்துவ. பின்னால ஒருத்தன் வருவான். அவனுக்கு நீ எப்பிடித் தெரிவ? எஃப்.சி. பேப்பரைத் தூக்கிக் காட்டுவியா?"

வரிசையில் நின்றவர்களில் ஒருத்தர், பொம்பளைக்கு என்ன இம்புட்டு வாய் என்றார். இன்னொருத்தர், வீட்டுக்காரர் அடிபட்டதில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்றார். ஆளுக்கொரு சமாதானம். அத்தனை பேர் வண்டிக்கும் அவள் லைட்டு மாட்டியிருக்கிறாள், அத்தனை பேரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தான். ஒருத்தராவது அவள் பக்கம் வந்து நிற்கவில்லை. நின்றால் நாளைக்கு அவரும் புது லைட்டு வாங்க வேண்டியிருக்கும்.

அவள் இரண்டு லைட்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தாள். சௌகத் அலி ரோட்டைக் கடந்து ஓடி வந்தார்.

"தங்கச்சி, அது கடை லைட்டும்மா."

"தெரியும் பாய். திருடிட்டுப் போறேன்னு ஸ்டேஷன்ல வந்து புகார் குடுங்க. அங்கதான் கொண்டுட்டுப் போறேன்."

அவர் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டார். கூப்பிடவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை.

ஏட்டு ராயப்பராஜ் மேஜை மேல் இருந்த ஃபைல்களைத் தள்ளி இடம் பண்ணினார். பிரிஸ்கில்லா லைட்டு இரண்டையும் வைத்தாள். போனை வைத்தாள். முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவர் வெள்ளிக்கிழமைப் போட்டோவை எடுத்து, லைட்டின் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் எழுந்து வெளியே போய் டிரைலரைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே லைட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அன்புமணி கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டான். ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டியிலிருந்து கழற்றியிருக்கிறான், ஒருத்தரும் பார்க்கவில்லை. நாலு நாளாக அந்த ஓட்டையைத் தாண்டித்தான் ஏட்டு டீ குடிக்கப் போய் வந்திருக்கிறார்.

அதை நினைத்தோ என்னவோ, அவர் குரல் தணிந்தது. "இதை எழுதுனா ஒன் பேரும் உள்ள வரும்மா. யோசிச்சுக்க."

"எழுதுங்க சார்."

"கடைக்காரரு பேரு?"

"சௌகத் அலி."

"லைட்டைக் கழட்டுனவங்க பேரு?"

"பிரிஸ்கில்லா."

"கணவர் பேரு?"

"ஆனந்த்ராஜ்."

ஏட்டின் பேனா ஒரு தடவை நின்று, பிறகு எழுதியது.

"லைட்டு இனிமே சாட்சிப் பொருளும்மா. கேஸு முடியிற வரைக்கும் திருப்பித் தர முடியாது. வருசக்கணக்குல ஆகும்."

"அதுக்குத்தான் சார் கொண்டாந்தேன்."

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கேஸை மாற்றி எழுதியாகிவிட்டது, நகலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஆனந்த்ராஜ் அதற்குள் ஊன்றுகட்டையோடு நாலு எட்டு வைக்கப் பழகியிருந்தான். வீட்டு வாசல் வரை வந்து அவளை வழியனுப்பினான்.

பிரிஸ்கில்லா நின்றபடியே படித்தாள். ஆனந்த்ராஜின் பேர் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்திலிருந்து காயம்பட்டவர் என்ற இடத்துக்கு இறங்கியிருந்தது. அவன் லைசென்ஸு தப்பியது. அவளுக்குக் கண் நிறைந்து எழுத்து மங்கியது. துடைத்துக்கொண்டு மேலே படித்தாள். குற்றம் சாட்டப்பட்டவர்கள்: ஒன்று, அன்புமணி. இரண்டு, சௌகத் அலி. மூன்று, பிரிஸ்கில்லா. அதுவும் சரிதான். ஒரு சொல் மறுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அடுத்த பக்கம் சாட்சிகள். நாலாவது சாட்சியாக பிரேக் இன்ஸ்பெக்டரின் பேர் இருந்தது.

"இவரு பேரு ஏன் சார் இந்தப் பக்கம் இருக்கு?"

"அவரு அரசாங்க நிபுணரும்மா. அவரு சாட்சி சொல்லணும்."

"என்னன்னு?"

ஏட்டு மேஜை மேல் இல்லாத தூசியைத் தட்டினார். "லைட்டு அங்கீகாரம் உள்ள லைட்டுதான், எரியிற நிலைமையில இருந்துச்சுன்னு."

"மூணு வருசமா ஒரே லைட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரு சாட்சி. அரை மணியில கழட்டுனா பாஸ்தான்னு நாப்பது பேரு முன்னாடி சொன்னவரு சாட்சி."

"அவரு பாத்தப்ப எரிஞ்சுச்சும்மா. எழுத்துப்படி அவரு மேல தப்பு இல்ல. மேலிடத்துல அப்பிடித்தான் எழுதச் சொன்னாங்க. நான் என்ன செய்ய?"

போன செவ்வாய்க்கிழமையும் கள்ளிப்பொட்டலில் எஃப்.சி. நடந்தது. சௌகத் அலி கடை பூட்டிக் கிடந்தது. மற்ற மூன்று கடைச் செட்டும் ஓய்வில்லாமல் ஓடியதாகவும், அந்த மஞ்சள் வேன் பாஸாகிவிட்டதாகவும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். யார் பாஸ் போட்டார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நகல் பெற்றுக்கொண்டேன்னு அச்சடிச்சிருக்கு பாரு, அதுக்குக் கீழ போடு" என்று ஏட்டு பேனாவை நீட்டினார்.

பிரிஸ்கில்லா உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதற்குப் பிறகு அத்தனை பொறுமையாக அவள் எதையும் எழுதியதில்லை. அச்சடித்த வரிக்குக் கீழே, கிடைத்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக வைத்தாள்.

லைட்டைக் கழற்றியது நான். கழற்றிய லைட்டு எரிகிறது என்று எழுதியது உங்கள் நாலாவது சாட்சி.

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஏட்டு எட்டிப் பார்த்தார். "அங்கல்லாம் எழுதக் கூடாதும்மா."

"எழுதியாச்சு சார்" என்று பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, புருஷனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.